விசையும் கைப்பிடியும்

1996ஆம் ஆண்டு நாம் காற்றுக் கைத்துப்பாக்கி பயின்றுகொண்டிருந்தோம். பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கில் பத்து மதிப்பெண் தரும் வட்டம் 11.5 மில்லிமீட்டர் விட்டமே உடையது. சட்டைப் பொத்தான் அளவு. நம் ஈயக்குண்டுகளோ ஏழிலும் எட்டிலும் சிதறின. குற்றம் கருவியுடையதே எனத் துணிந்து, துப்பாக்கி செப்பனிடும் முதியவர் ஒருவரிடம் விசையை இலகுவாக்கித் தருமாறு வேண்டினோம். "தேவையில்லை தம்பி" என்றார். நாம் விடவில்லை.

போட்டியன்று சோதனை மேசையில், குழல் நிமிர்ந்திருக்க, 500 கிராம் எடைக்கல்லை விசையில் மாட்டித் தூக்கினார் நடுவர். கல்லை விசை தாங்கவேண்டும் என்பது விதி. தாங்கவில்லை, 'டக்'கென விடுபட்டது. சரிசெய்ய நேரமின்றி, ஒரு குண்டும் சுடாமலே வீடு திரும்பினோம்.

முதியவர் கடிந்துகொள்ளவில்லை. துப்பாக்கியைப் பட்டறை இடுக்கியில் இறுக்கி ஐந்து முறை சுட்டார். ஐந்துக்கும் ஒரே துளை! நமக்கு நாணமாயிற்று. பின்னர் அதனை நம்மிடம் தந்து பிடிக்கச் சொன்னார். மரக்கைப்பிடி உள்ளங்கையில் பொருந்தாமையால், விசையை இழுக்குந்தோறும் முன்குறி இடப்புறம் நழுவியது. பின்குறியின் பிளவில் அது ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே இலக்கில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் விலகும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

மணிக்கட்டைத் தழுவாதவரை கைப்பிடியைச் செதுக்க விதி இடந்தருகிறது. கட்டைவிரல் தங்குமிடத்தை அரத்தால் குடைந்தார்; உள்ளங்கைப் பக்கம் மரப்பசை அப்பி, நம் கையையே அழுத்தி வார்ப்பெடுத்தார். விசையைப் பழைய எடைக்கே மீட்டார்.

ஏழுகள் விரைவிலேயே அருகின. பத்துகளுக்கு மட்டும் இன்னும் ஈராண்டு நம் கைந்நடுக்கத்தோடு போராட வேண்டியிருந்தது.