அம்மா காட்டிய வெற்றிடம்

“பாட்டை எழுதி வைக்க ஸரிகமபதநி இருக்கிறது. ஆட்டத்தை எழுதி வைக்க என்ன இருக்கிறது, டீச்சர்?”

எல்ல நகருக்கு அருகேயுள்ள எங்கள் தோட்டத்தில், சனிக்கிழமைப் பரத வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி இவ்வாறு வினவினாள். நல்ல கேள்வி. சொற்கட்டு தாளத்தைச் சொல்லும். கை போகும் திசையைச் சொல்லாது. சிதம்பரம் கோபுரத்தில் நூற்றெட்டுக் கரணங்களும் சிற்பங்களாக நிற்கின்றன. ஆயினும், சிலை ஒரு கணத்தையே காட்டும். முன்னும் பின்னும் நிகழ்ந்ததைக் காட்டாது.

இக்குறையைத் தீர்க்க முயன்றவர்களுள் ஒருவர், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்த ருடால்ப் லாபன். 1928 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட குறியீட்டு முறையில் கோடுகள் செங்குத்தாக நிற்கும். கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். நடுக்கோட்டின் இருபுறமும் உடலின் இடமும் வலமும். கோட்டை ஒட்டிய கட்டங்கள் உடற்பாரத்தைத் தாங்கும் பாதங்களுக்கு உரியவை. கைகளின் இடம் வெளியே. குறியின் வடிவம் திசையையும், நீளம் காலத்தையும் உணர்த்தும்.

இம்முறை ஆடரங்கோடு நிற்கவில்லை. உடல் அசைவைக் கண்டு இயங்கும் கருவிகளை வடிவமைப்போரும் இதனை நாடினர். 2005 ஆம் ஆண்டில் லியன் லோக், ஆஸ்ட்ரிட் லார்சன், டோனி ராபர்ட்சன் என்னும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் மூவர், ‘ஐடாய்’ என்ற கமரா விளையாட்டை ஆடுவோரின் அசைவுகளை லாபன் குறியீட்டில் எழுதி, இத்தகைய வடிவமைப்புக்கு அது எவ்வளவு உதவும் என்று ஆராய்ந்தனர். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினரோ பரத அடவுகளைக் ‘கினெக்ட்’ கருவியால் பதிவு செய்து, கணினியைக் கொண்டே லாபன் எழுத்தாக மாற்ற முனைந்தனர்.

இவற்றையெல்லாம் படித்த எனக்கும் ஓர் ஆசை பிறந்தது. முப்பது ஆண்டுகள் இம்மலைகளில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர் என் தாயார். அவருடைய வேலையை எழுதிப் பார்த்தால் என்ன? முற்றத்தில் நிற்கச் சொன்னேன். கைகள் இரண்டும் இல்லாத செடியின் மேல் பறந்தன. இரண்டிலையும் மொட்டுமாகக் கிள்ளின. கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்கு வீசின. விறுவிறுவென்று எழுதினேன். கைக்குரிய கட்டங்கள் நிரம்பிவிட்டன.

பெருமையுடன் தாளை நீட்டினேன். எழுத்தறியாத அம்மா சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நடுவுல ஏன் புள்ள வெறுமையாக் கெடக்கு?” என்று கேட்டார்.

“அது காலுக்குரிய இடம், அம்மா.”

“அப்ப வேலையவே எழுதலியே! கை சும்மா கிள்ளுது. கொழுந்து எடுக்குறது காலுதான்.”

திடுக்கிட்டேன். லாபன் எழுத்தில் அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருந்தால், ஆடுபவர் நிலத்தை விட்டு எழும்பியிருக்கிறார் என்று பொருள். என் குறிப்பின்படி அம்மா முப்பது ஆண்டுகள் அந்தரத்தில் நின்றே கொழுந்தெடுத்திருக்கிறார்! மழையில் வழுக்கும் சரிவும், மேட்டுக்காலை மடித்துப் பள்ளக்காலை ஊன்றிய நிலையும், தலைக்கயிற்றில் தொங்கிய கூடையின் பாரத்தை இடுப்பு வாங்கிக் காலுக்கு இறக்கியதும் என் கண்ணில் படவேயில்லை. அரைமண்டியில் பாரத்தைச் சமமாக நிறுத்துமாறு மாணவிகளை வாரந்தோறும் கண்டிப்பவள் நான்!

கணினி பயிலும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்ல விரும்புகிறேன். தொழிலாளியின் அசைவைக் கண்காணிக்கும் கருவியை நாளை நீங்களே அமைக்கக் கூடும். கையை மட்டும் எண்ணும் கருவி கொழுந்தின் நிறையை அறியும். அதனைச் சுமந்த முழங்காலை அறியாது. குறியீடு தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. நாம் பாராமல் விட்ட இடத்தை வெற்றிடமாகக் காட்டும். அவ்வளவே அதன் உதவி. அதுவும் பேருதவியே.

அன்று மாலையே அந்தக் கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தேன். அம்மா மீண்டும் நின்று காட்டினார். நாலாவது அடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிட்டார். குறிப்பும் நாலாவது அடியோடு நிற்கிறது. எஞ்சியதை அம்மா வாயால் சொல்ல, கேள்வி கேட்ட அந்த மாணவியை நிறுத்தி வைத்து எழுதுவதாக இருக்கிறேன்.