அறுபது சீட்டும் ஒரு கரிசல் காடும்

'சீட்டு' என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம் பக்கத்தில் நிரம்ப உண்டு. நான் சொல்ல வந்தது காசு வைத்து ஆடும் சீட்டன்று. 1993-ஆம் ஆண்டில் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கிய 'மேஜிக்' என்னும் ஆட்டம். சென்னையிலுள்ள அத்தை மகன் கற்றுக்கொடுத்தது.

இதில் ஆடுவோர் தத்தம் கட்டைத் தாமே சேர்த்துக்கொண்டு வரவேண்டும். குறைந்தது 60 சீட்டுகள். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருடைய சீட்டு நான்குக்கு மேல் கூடாது. முதற் கைக்கு 7 சீட்டுகள். ஒரு சீட்டை நான்காக வைத்தால் அது முதற் கையிலேயே வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40. ஒன்றே வைத்தால் நூற்றுக்கு 12 கூட இல்லை. ஆகவே நிதானமான ஆட்டக்காரர் நல்ல சீட்டுகளை நான்கு நான்காக அடுக்குவர்.

ஆனால் ஆசை யாரை விட்டது? எதிரி ஒரு குறிப்பிட்ட வகைக் கட்டோடு வந்தால் அவனை ஒரே வீச்சில் சாய்க்கும் சீட்டுகளும் உண்டு. அவன் அப்படி வராவிட்டாலோ அவை வெறும் அட்டைகள்! இதற்காகவே போட்டிகளில் 15 சீட்டுகள் வரை தனியே வைத்திருந்து, முதல் ஆட்டம் முடிந்தபின் எதிரியின் போக்கறிந்து மாற்றிக்கொள்ள இடம் தந்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. திருச்சுழிப் பக்கம் எங்கள் மானாவாரிக் கரிசலில் என் தந்தையார் ஆண்டுதோறும் போடுகிற கணக்குத்தான் அது. பருத்தி அவருடைய நிலையான சீட்டு. ஊடே உளுந்து. பருத்தி காய்க்குமுன்பே, எழுபது நாளுக்குள் அது வீட்டுக்கு வந்துவிடும், மண்ணுக்கும் உரமூட்டும். மழை வந்தாலும் குறைந்தாலும் ஏதோ ஒரு வேலை செய்யும் சீட்டு அது. புரட்டாசி மழை பிந்திவிட்டால் விதைக்கவென்று மல்லி விதை பானையில் தனியே காத்திருக்கும். அதுவே அவருடைய பதினைந்து சீட்டு.

"எல்லாக் காட்டிலும் பருத்தியே போட்டால் என்னப்பா? விளைகிற வருசம் கூடுதலாக வருமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"உனக்குத் தோற்றால் மறுபடி கலைத்துப் போடலாம். எனக்கு அடுத்த ஆட்டம் அடுத்த புரட்டாசியில்தானே, தம்பி!" என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்கியது இதுதான். நூறு ஆட்டம் ஆடுகிறவன் நிதானத்தை நம்பலாம். இடையே பத்துத் தோற்றாலும் கணக்கு நேராகிவிடும். ஆண்டுக்கு ஒரே ஆட்டம் ஆடுகிறவனுக்கோ சராசரி சோறு போடாது. அவன் கெட்ட காலத்துக்கான சீட்டைக் கையோடு வைத்திருந்தே ஆகவேண்டும்; நல்ல காலத்தில் அதனால் விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் சரியே.

மாணவ நண்பர்களே! பட்டப் படிப்போடு தட்டச்சோ தையலோ கணினியோ கற்பவரைப் பார்த்து, "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. எத்தனை முறை ஆட இடமிருக்கிறது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். எத்தனை விதச் சீட்டு வேண்டும் என்பது தானே விளங்கும்.