இரண்டு மன்னர்கள் நின்ற துறை

திருகோணமலை உவர்மலையின் சரிவில் நின்றால் உட்துறைமுகம் விரிந்து கிடக்கிறது. அக்கரையில் சீனக்குடா, அங்கே பிரிமா மா ஆலை. ஓட்டோவில் கூட்டிவந்த தம்பி முன்கூட்டியே எச்சரித்தார்: "அங்கால நேவிட இடம் ஐயா. கமராவை உள்ள வையுங்கோ." வைத்துக்கொண்டேன். சித்தூர்க்காரன் கண்ணுக்கு இது கடலாகவே படவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து ஏரி மாதிரி, மலைகளுக்கு நடுவே அலையடிக்காமல் கிடக்கிறது.

நான் தேடிவந்த இரண்டு கப்பல்களும் உடைபட்டு வெகுகாலமாகிறது. அவை நின்ற துறையைத்தான் பார்க்க வந்தேன். இரண்டும் கனடாவில் கட்டிய ரிவர் வகை ஃபிரிகேட்டுகள், ஏறக்குறைய 92 மீட்டர் நீளம். எஸ்குவைமால்ட்டில் உருவான ஆர்க்னி 1944 ஏப்ரலிலும், மான்ட்ரியாலில் உருவான ஹாலோவெல் அதே ஆண்டு ஆகஸ்டிலும் பணியில் சேர்ந்தன. அட்லாண்டிக்கைக் கடக்கும் சரக்குக் கப்பல் கூட்டத்தை ஜெர்மன் நீர்மூழ்கிகள் நெருங்காமல் காப்பது வேலை. அதற்கு 20 நாட் வேகம் போதும். சரக்குக் கப்பல்கள் அதைவிட மெல்லத்தான் ஊரும். நடுவழியில் எண்ணெய் தீரக்கூடாது, நீருக்கடியில் எழும் ஒலி காதில் விழவேண்டும், ஆழ்வெடிகள் கைவசம் இருக்கவேண்டும். எதுவும் நடக்காமல் கரைசேர்ந்தால் அதுவே வெற்றி. இப்படிப்பட்ட கப்பலைப் பற்றிப் போர்க்கதை எழுதுவது கஷ்டம். ஆர்க்னியின் பெரிய சம்பவமே ஒரு விபத்துதான்: 1945 பிப்ரவரியில் ஐரிஷ் கடலில் பிளேர்நெவிஸ் என்ற சரக்குக் கப்பலோடு மோதியது; மூழ்கியது சரக்குக் கப்பல்.

போருக்குப் பிறகு இரண்டும் தனியார் கைக்குப் போய், அப்புறம் இஸ்ரேல் கடற்படையில் மிஸ்நாக், மிவ்தாக் ஆயின. 1957இல் பிரிட்டன் திருகோணமலைத் தளத்தை விட்டுக்கொடுத்ததும் இலங்கையின் இளம் கடற்படைக்குக் கப்பல்கள் தேவைப்பட்டன. 1959இல் வாங்கியபோது ஹாலோவெல் கஜபாகு ஆனது. ஆர்க்னி மகாசேன ஆனது.

பெயர் வைத்தவர்கள் இலங்கை மன்னர் வரிசையைப் பார்த்தார்களே ஒழிய இந்தக் கரையைப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவில் நின்றவன் கயவாகு (கஜபாகுதான்) என்கிறது சிலப்பதிகாரம். மகாசேனனோ, கோகர்ணத்துத் தேவாலயத்தை இடித்து விகாரை எழுப்பியவன் என்பது மகாவம்சத்தின் கூற்று. அந்தக் கோகர்ணம் திருகோணமலையே என்பார்கள் ஆய்வாளர்கள். ஆக, கண்ணகியைக் கும்பிட்டவனும் கோயிலை இடித்தவனும் கோணேசர் ஊரில் ஒரே கடற்படையில் வேலை பார்த்திருக்கிறார்கள்!

தம்பியிடம் சொன்னேன். "அப்ப எது முதல்ல உடைஞ்சது?" என்றார்.

"மகாசேன. 1964இல், சிங்கப்பூரில்."

"கோணேசர் விடமாட்டார்" என்று சிரித்தார்.

கஜபாகு 1978 வரை தாக்குப்பிடித்தது. 2019 முதல் இன்னொரு கஜபாகு இலங்கைக் கடற்படையில் இருக்கிறது. அதுவும் பழைய கப்பல்தான்: வியட்நாம் போருக்குப் போய்வந்த, அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஷெர்மன்.