சாஞ்சோவின் தீவு

'கூட வா, ஒரு இன்சுலாவுக்குக் கவர்னர் ஆக்குகிறேன்' என்பதுதான் டான் குவிக்ஸோட் சாஞ்சோவுக்குக் கொடுக்கும் வாக்கு. தீவுக்கு ஸ்பானிஷ்காரர்கள் சொல்வது 'இஸ்லா'. 'இன்சுலா' லத்தீன் வாடை வீசும் பழஞ்சொல். 1508-ல் அச்சான 'அமாதிஸ் தெ கௌலா' போன்ற வீரசாகசக் கதைகளில் புழங்கியது. எஜமானருக்கு அது வீரனின் வெகுமதி. குடியானவன் சாஞ்சோவுக்கோ, ஆளக் கிடைக்கும் ஏதோ ஒன்று.

1615-ல் வந்த இரண்டாம் பாகத்தில் பிரபு ஒருவர் அதே சொல்லைக் கேலியாக்குகிறார். கடலே இல்லாத ஊர்தான் 'இன்சுலா' என்று சாஞ்சோவை நம்பவைக்கிறார். அவனோ அங்கே நியாயமாகத் தீர்ப்புச் சொல்கிறான். சில நாட்களில், கழுதைக்குக் கொஞ்சம் பார்லியும் தனக்குப் பாதி ரொட்டியும் பாதிப் பாலாடைக்கட்டியும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியேறுகிறான்.

தமிழில் எல்லா இடத்திலும் 'தீவு' என்று எழுதினால் பொருளில் பிழையில்லை. ஆனால் புரியாத சொல்லொன்றை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்பியவன் காணாமல் போய்விடுகிறான்.