தலைமாட்டில் நடந்த நடை

மதுரைப் பக்கத்துச் சனங்களுக்கு அரசு இராசாசி மருத்துவமனை என்றால் பெரியாஸ்பத்திரிதான். தேனி, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று எந்த ஊரில் "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்று சீட்டு எழுதினாலும் வந்து சேரும் வாசல் அது. ஆம்புலன்ஸ் கதவு திறந்ததும் நோயாளியை முதலில் ஏந்துகிற கைகளில் ஒன்றாக என் கையும் பல வருஷம் இருந்தது. முழங்கால் இடம் கொடுக்காமல் அந்த வேலையை விட்டு வந்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று இப்போது இருக்கிறது. ஆனால் மனசு இன்னும் ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில்தான் நிற்கிறது.

அது வெறும் தள்ளுகிற வேலை என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். சமதரையில் நோயாளியின் கால் முன்னே போக வேண்டும். நாம் தலைமாட்டில் நின்று தள்ளினால்தான் முகம் தெரியும், மூச்சு மாறினால் தெரியும். சாய்தளத்தில் ஏறும்போது தலை முன்னே. மூத்திரம் இறங்கும் பை இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். மேலே தூக்கி வைத்தால் இறங்கியது திரும்ப உள்ளே ஏறும். முதுகெலும்பில் அடிபட்டவரை நாலு பேர் சேர்ந்து, தலையைப் பிடித்திருப்பவர் குரல் கொடுக்க, உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் ஒரே கட்டையாகத் திருப்ப வேண்டும். எம்.ஆர்.ஐ. அறை வாசலோடு இரும்பு சிலிண்டர் நின்றுவிட வேண்டும். உள்ளே இருக்கும் காந்தம் அதைப் பறித்துக்கொண்டு போய்விடும். இவ்வளவையும் எனக்குக் கூடவே நடந்து சொல்லித்தந்த மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவரை மாதிரி ஒரு வாத்தியார் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

வார்டிலிருந்து தியேட்டருக்குப் போகிற வழியைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மல்லாந்து படுத்திருப்பவர் கண்ணுக்கு டியூப்லைட்டும் தலைகீழாய் என் முகமும் மட்டும்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் சொந்தப் பிள்ளையிடம் சொல்லாததை எல்லாம் சொல்வார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து ஆத்தா ஒருத்தர் தண்டட்டியைக் கழற்றி மருமகள் கையில் கொடுத்துவிட்டு வந்தார். வழியெல்லாம் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட ஆளில்லை என்ற கவலைதான். லிஃப்ட் வாசலில் என் கையைப் பிடித்து, "தம்பி, திரும்பி வந்துருவேனாய்யா?" என்றார். "நீங்க வருவீங்க ஆத்தா, கூட்டியார நானே வருவேன்" என்றேன். சாயங்காலம் டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்று அவரை வார்டில் கொண்டுவந்து சேர்த்தேன். அரை மயக்கத்திலும் ஆட்டைத்தான் கேட்டார்.

தை மாதம் பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. குத்துப்பட்டு வந்த பையன் வலியிலும் "மாடு பிடிச்சது யாருண்ணே?" என்பான். பொங்கலன்று வீட்டில் இருந்த ஞாபகமே எனக்கு அதிகம் கிடையாது. அதில் இன்றைக்கும் வருத்தம் இல்லை.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த மாதிரி வேலைகள் பலவும் இப்போது ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டன. வருகிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆனால் இன்றைக்கு இருக்கிறவர் அடுத்த வருஷம் இருப்பாரா என்று தெரியாத இடத்தில், கூடவே நடந்து சொல்லித்தர ஒரு மூத்தவர் எப்படி உருவாவார்? நிரந்தரமான ஆட்களைப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

உங்கள் வீட்டு ஆளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் நாள் வந்தால், ஃபைலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவராதீர்கள். படுத்திருப்பவர் கண்ணில் படும்படி பக்கத்தில் நடங்கள். தள்ளுகிறவரிடம், வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லிவையுங்கள். மயக்கம் தெளியும்போது ஃபைலில் இருக்கும் பெயருக்குத் திரும்பாதவர், அந்த வீட்டுப் பெயருக்குக் கண் திறப்பார்.