பிடி சாம்பலுக்கு வந்த வாழ்வு!

லண்டனுக்குப் போகிறவர்களில் கிரிக்கெட் பித்துள்ளவர்கள், அரண்மனையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, லார்ட்ஸ் மைதானத்தைப் பார்க்காமல் திரும்பமாட்டார்கள். அங்குள்ள பொருட்காட்சிசாலையில், கண்ணாடிப் பேழைக்குள் சுட்ட மண்ணாலான ஜாடி ஒன்று இருக்கிறது. உயரம் சுமார் 4 அங்குலம்தான். பார்த்தால் நம் வீட்டுப் பூஜை அறை விபூதிச் சம்புடம் ஞாபகத்துக்கு வரும். உள்ளே இருப்பதும் சாம்பலே! 'ஆஷஸ்' என்று சொல்லி இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கு நிற்பது இதன் பெயரால்தான்.

1882 ஆகஸ்ட் 29. லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து ஜயிக்க 85 ரன் போதும். ஆனால் ஸ்போஃபோர்த் என்ற ஆஸ்திரேலியரின் பந்துவீச்சில் 77 ரன்னுடன் ஆட்டம் முடிந்தது. சொந்த மண்ணில் முதல் டெஸ்ட் தோல்வி! 'ஸ்போர்ட்டிங் டைம்ஸ்' பத்திரிகை குறும்பாக மரண அறிவிப்பே வெளியிட்டது: இங்கிலீஷ் கிரிக்கெட் காலமாகிவிட்டது, தகனம் செய்து, அஸ்தி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்படும்!

"அந்த அஸ்தியை மீட்டு வருகிறேன்" என்று கிளம்பினார் கேப்டன் ஐவோ பிளை. மெல்போர்னுக்கு அருகே சன்பரியில், ரூபர்ட்ஸ்வுட் என்ற மாளிகையில் அவருடைய கோஷ்டி விருந்தாளிகளாகத் தங்கியது. வீட்டு எஜமானி ஜேனட் கிளார்க் சீமாட்டியும் மற்றப் பெண்மணிகளும் விளையாட்டாக ஒரு ஜாடியில் சாம்பலைப் போட்டு அவரிடம் கொடுத்தார்களாம். ஸ்டம்புகளின் மேல் வைக்கும் பெயில்ஸ் கட்டையை எரித்த சாம்பல் என்பார்கள். ஒரு பெண்ணின் முகத்திரையை எரித்தது என்றும் பேச்சு உண்டு. ஜாடியை வைக்க வெல்வெட் பை தைத்துக் கொடுத்தவர் ஆனி ஃப்ளெட்சர் என்ற மாது.

பிளை அங்கே இன்னொன்றையும் கண்டெடுத்தார். அந்த வீட்டில் சங்கீதம் கற்பித்த ஃப்ளாரன்ஸ் மார்ஃபியை 1884-ல் கைப்பிடித்தார்! 1927-ல் கணவர் காலமான பின், ஜாடியை லார்ட்ஸுக்குச் சொந்தக்காரர்களான எம்.சி.சி. கிளப்புக்கு அளித்தவர் இந்த ஃப்ளாரன்ஸ்தான்.

பெண்கள் வேடிக்கையாகத் தந்த பொருள், ஆண்களுக்கு வினையாயிற்று. 1932-33-ல் பிராட்மனை அடக்க, இங்கிலாந்துக்காரர்கள் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசினார்கள். 'பாடிலைன்' என்ற அந்த வம்பு இரு நாட்டு உறவையே உலுக்கிவிட்டது.

அந்த ஜாடி லார்ட்ஸில் கொலுவிருந்ததே தவிர, பெண்களுக்கு அங்கே இடமில்லை. இவ்விரு நாட்டுப் பெண்கள் 1934-லேயே பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடினார்கள். லார்ட்ஸில் அவர்கள் ஆட 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1998 ஜூலையில் இரு அணியினரும் கையெழுத்திட்ட மட்டையை அங்கேயே எரித்து, பெண்களுக்கென்று தனி 'ஆஷஸ்' உண்டாக்கினார்கள். அதே செப்டம்பரில்தான், 1787-ல் தோன்றிய அந்தக் கிளப், பெண்களை அங்கத்தினராகச் சேர்க்கச் சம்மதித்தது.

எந்த நாடு ஜயித்தாலும் பழைய ஜாடியின் இருப்பிடம் லார்ட்ஸ்தான். அதைத் தந்தவர்களின் இனத்துக்கு வாசற்கதவு திறக்கத்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போகட்டும், திறந்ததே!