பரண்மேல் ஒரு வெட்டுக்கிளி

ஐப்பசி மழை தொடங்குமுன் பரணை ஒழித்துவிட வேண்டும் என்று ஆண்டுதோறும் பேசுவோம். 2024-இல்தான் அது கைகூடியது. விடைத்தாள் கட்டுகள், கொலுப் பலகைகள், காலொடிந்த தொட்டில் இவற்றுக்கெல்லாம் பின்னால், பழைய வேட்டி ஒன்றால் மூடப்பட்டு அந்தப் பெட்டி இருந்தது. மேல்மூடியில் பெரிய பின்சக்கரங்களுடன் ஒரு வெள்ளை வண்டியின் ஓவியம். ஒருவர் ஏணிமேலும் மற்றவர் கீழுமாக நின்றிருந்த நாங்கள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் அஞ்சலகத்தில் பணிபுரிபவர். இயந்திரங்களோடு இருவருக்குமே ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2019-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் எங்கள் மகனுக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்தார். ரேடியோ விசையால் ஓடும் பந்தய பக்கி வண்டி. முழு வண்டியன்று, உதிரி உதிரியாய்ப் பைகளில் அடைத்த பாகங்கள். ஒவ்வொன்றையும் நாமே பொருத்திக்கொள்ள வேண்டும். அவன் அப்போது பத்தாம் வகுப்பு. நான்கு மாலைகள் அதனோடு உட்கார்ந்தான். ஐந்தாம் நாள் காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் வந்தது. "பரீட்சை முடிஞ்சதும் எடுத்துக்கலாம்" என்று சொல்லி நாங்கள் பெட்டியைப் பரணில் ஏற்றினோம். அவன் மறுத்துப் பேசவில்லை. திருகாணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டு, அவனே பெட்டியை மூடிக் கொடுத்தான்.

அந்தப் பரீட்சை நடக்கவேயில்லை. பெருந்தொற்றின் காரணமாக 2020 ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வை அரசு ரத்து செய்து அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தது. வீடடங்கிக் கிடந்த அத்தனை மாதங்களில் அவன் ஒருநாளும் பெட்டியைக் கேட்கவில்லை. நாங்களும் எடுத்துத் தரவில்லை. மறந்துவிட்டோம் என்று சொல்வது எளிது, மறக்கவில்லை. கேட்கட்டும் என்றிருந்தோம். 2022-இல் அவன் பொறியியல் படிக்க விடுதிக்குப் போனான். ஞாயிறுதோறும் தொலைபேசுவான். "சாப்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." சண்டை போட்டிருந்தாலாவது சமாதானத்திற்கு ஒரு வழி இருந்திருக்கும்.

பெட்டிக்குள் முன்னச்சு மட்டும் பொருத்தி முடிந்திருந்தது. வண்டிக்குள் அமரும் ஓட்டுநர் பொம்மையின் தலைக்கவசத்திற்குப் பாதி சிவப்பு வண்ணம் பூசியிருந்தான். செய்முறைக் கையேட்டின் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு பட்டியல்: பேரிங், பின்பக்க ஆயில் டாம்பர், 540 மோட்டார், லிப்போ. ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. லிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கீழே கூட்டுத்தொகை, அதற்கும் கீழே, "மாமாகிட்ட கேக்கக் கூடாது. பொங்கல் காசு." பதினைந்து வயதுக் கையெழுத்து.

அவன் பொருளை அவனில்லாதபோது தொடலாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் வாதம் நடந்தது. தொடலாம் என்று முடிவானதற்குப் பெரிய நியாயமெல்லாம் இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் கேட்கச் சத்தம் ஏதுமில்லை என்பதே காரணம்.

வண்டியின் பெயர் கிராஸ்ஹாப்பர், வெட்டுக்கிளி. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் 1984-இல் வெளியிட்டு, 2005-இல் மறுபடியும் கொண்டுவந்தது. 1946-இல் மர வணிகமாகத் தொடங்கிய நிறுவனம் அது. மரத்தில் மாதிரிகள் செய்து, பிறகு 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்கிற்கு மாறியது. 1976-இல் போர்ஷே 934 என்னும் முதல் ரேடியோ வண்டியை விற்றது. அதை நெடுங்காலம் நடத்திய ஷுன்சாக்கு தமியா 2025 ஜூலையில் தம் 90-ஆம் வயதில் மறைந்த செய்தியைப் படித்தபோது, அறிமுகமான ஒருவரை இழந்ததுபோல் இருந்தது. காரணம் அந்தக் கையேடு. அதில் சொற்கள் மிகக் குறைவு. திருகாணிகள் அவற்றின் மெய்யளவிலேயே வரையப்பட்டுள்ளன. கையிலுள்ளதைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் அதுதானா என்று தெரிந்துவிடும். இலக்கண நூலுக்கு உரை எழுதுவோர் ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும் என்று தமிழ் கற்பிப்பவர் சொன்னார். அஞ்சலகத்தார் பதில் சொல்லாமல் அடுத்த படத்திற்குப் போய்விட்டார்.

முதல் வாரமே நாலைந்து திருகாணிகளின் தலை சிதைந்தது. வீட்டிலிருந்த நட்சத்திரத் திருப்புளி சரியாகத்தான் உட்காருவதுபோல் தோன்றும். அழுத்தித் திருகினால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஜப்பானியத் திருகாணிகளின் குழி வேறு அளவுமுறையில் வெட்டப்படுவது என்பதும், அதற்கெனத் தனித் திருப்புளி உண்டு என்பதும் பிறகே தெரிந்தது. சென்னையிலிருந்து ஒன்றை வரவழைத்தோம். எங்கள் வீட்டில் உள்ளவற்றுள் நாங்கள் மிகவும் மதிக்கும் கருவி இன்று அதுவே. பிளாஸ்டிக்கில் திருகாணியை எவ்வளவு இறுக்கலாம் என்பதை மட்டும் எந்தக் கருவியும் சொல்லாது. போதும் என்று கை உணர்வதற்கும் மரை அறுந்துபோவதற்கும் இடையே கால் சுற்றுதான் இருக்கிறது.

கார்த்திகைக்குள் வண்டி ஓடியது. வீட்டுக்குப் பின்னால் மனைக்கற்கள் நட்டு விற்காமல் கிடக்கும் திடலில் விட்டோம். கிட்டில் வந்தது 380 என்னும் சிறிய மோட்டார்; வேகம் மிதம். ஆனால் பெயருக்கேற்பத் துள்ளியது. மோட்டாரும் பல்சக்கரப் பெட்டியும் பின்னச்சும் ஒரே உறுப்பாகச் சேர்ந்து, ஒரு கீல்போல மேலும் கீழும் ஆடும் அமைப்பு அது. ஒரு பின்சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சேர்ந்தே அசையும். சுருள்வில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது; வாங்கியதை உடனே திருப்பியும் கொடுத்துவிடுகிறது. அடக்கி ஆற்றுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

அப்போதுதான் பென்சில் பட்டியலின் வரிசை புரிந்தது. முதலில் பேரிங்: பிளாஸ்டிக் புஷ்களுக்குப் பதில் எஃகுக் குண்டுகள். மாற்றியபின் சக்கரத்தைக் கையால் சுண்டிவிட்டோம், அது நின்றபாடில்லை. அடுத்து எண்ணெய் டாம்பர். சிறு துளைகளுள்ள ஒரு வட்டு, சிலிக்கான் எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகிறது; துளை வழியே எண்ணெய் நெரிந்து செல்லும் நேரமே துள்ளலைத் தணிக்கிறது. எண்ணெய் ஊற்றியதும் மூடக் கூடாது. தண்டை மெல்ல ஏற்றியிறக்கி, காற்றுக்குமிழ்கள் மேலே வந்து உடையும்வரை காத்திருக்க வேண்டும். அரைமணி நேரம் இருவரும் அந்தக் குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று மகனைப் பற்றி நெடுநேரம் பேசினோம். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

இவ்விரண்டும் ஆனபின்பே மோட்டார். பெரிய மோட்டாரை முதலில் மாட்டியிருந்தால் வண்டி கவிழ்ந்துகொண்டே இருந்திருக்கும். பதினைந்து வயதில், எதை முன் செய்ய வேண்டும், எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று அவன் யோசித்திருக்கிறான். அவனுக்குப் பொறுப்பில்லை என்று அந்த ஆண்டில் நாங்கள் எத்தனை முறை சொன்னோம் என்பதற்குக் கணக்கில்லை. தமியாவே இதே அடிச்சட்டத்தில் 540 மோட்டாரையும் பின்புற எண்ணெய் டாம்பர்களையும் வைத்து, அதே 1984-இல் ஹார்னெட், அதாவது குளவி, என்ற பெயரில் ஒரு வண்டியை விற்றது. வெட்டுக்கிளியைக் குளவியாக்கும் வழியைத்தான் அவன் எழுதி வைத்திருந்தான்.

லிப்போவை மட்டும் நாங்கள் தொடவில்லை. ஒரு செல்லின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும், 4.2-க்கு மேல் ஏற்றினால் உப்பும், தீப்பற்றவும் கூடும். மின்னேற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அவனுடைய கேள்விக்குறியை மதித்து, 7.2 வோல்ட் நிக்கல் மின்கலத்தோடு நின்றுகொண்டோம்.

ஒட்டுப்படத் தாளை வெட்டவில்லை. தலைக்கவசத்தின் மறுபாதியையும் அப்படியே விட்டுவைத்தோம்.

2025 போகிக்கு முதல்நாள் இரவு அவன் வந்தான். மேசைமேல் வண்டி. என்ன சொல்வது என்று நாங்கள் ஒத்திகை பார்த்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. அவன் பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தான். அன்று பிற்பகல்தான் 540 மோட்டாரைப் பொருத்தியிருந்தோம். எதையாவது செய்ய வேண்டுமே என்று விசையை அழுத்தினோம். மோட்டார் கிறீச்சிட்டுச் சுழன்றது, சக்கரம் அசையவில்லை. மீண்டும் அழுத்தினோம். மீண்டும் அதே சத்தம்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றான். குனிந்து காதை வைத்துக் கேட்டான். "பினியன் நழுவுதுப்பா. மோட்டார் தண்டுல ஒரு பக்கம் தட்டையா இருக்கும். குட்டி ஸ்க்ரூ அதுமேல உக்காரணும். உருண்டைப் பக்கம் இறுக்கியிருக்கீங்க."

பையை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். வண்டியைக் கவிழ்த்தான். பேரிங் போட்டிருப்பதையும் டாம்பர்களையும் பார்த்தான். பிறகு கையேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாரிடா" என்று எங்களுள் ஒருவர் சொன்னார். யார் என்பது முக்கியமில்லை.

"ம்" என்றான். கொஞ்சம் கழித்து, "ஸ்க்ரூடிரைவர் குடுங்க. நம்ம வீட்டுது வேணாம், ஜப்பான் திருகாணிக்குன்னு தனியா ஒண்ணு இருக்கும்…"

நீட்டினோம். அவன் முதன்முறையாக நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்த்தான்.

கனுப்பொங்கலன்று மாலை திடலில் மூவரும் நின்றிருந்தோம். எங்களுள் ஒருவர் வண்டியை மனைக்கல்லில் மோதினார். முன்கை ஒன்று முறிந்தது. மறுநாள் அவன் விடுதிக்குத் திரும்பினான். தலைக்கவசத்தின் மறுபாதி இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. கையேட்டில் பழைய பட்டியலுக்குக் கீழே, பேனாவில், புதிதாக ஒரு வரி: முன்கை, 2 ஜோடி. எதிரே விலை போடவில்லை.